குறைமின் வீட்டுத் திசைவி: தேனியிலிருந்து காவிரிப் படுகை வரை

ரவுட்டர் என்று வழக்கில் அழைக்கப்படும் திசைவி, வீட்டிலுள்ள கைபேசிகளையும் கணினிகளையும் வெளியே உள்ள இணையத்துடன் இணைத்துவைக்கும் ஒரு சிறு கணினி ஆகும். அதற்குள் பதிக்கப்பட்டு அதை இயக்கும் மென்பொருளுக்கு நிலைபொருள் என்று பெயர். விற்பனையாளர் தந்த நிலைபொருளை நீக்கிவிட்டு, மூலநிரல் எல்லோருக்கும் திறந்துள்ள நிலைபொருளைப் பதித்து, மிகக் குறைந்த மின்சாரத்தில் இரவும் பகலும் ஓடும்படி அமைக்கப்படும் திசைவியே இக்கட்டுரையில் குறைமின் திசைவி எனப்படுகிறது.

இத்தகைய திசைவியின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய ஆர்வலர்களின் கதையாகவே எழுதப்படுகிறது. தமிழ்நாட்டுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. 2005 முதல் தேனி மாவட்டத்தின் கண் மருத்துவ மையங்களைத் தலைமை மருத்துவமனையுடன் இணைத்த கம்பியில்லா வலையமைப்பு, திறந்த மென்பொருளால் ஓடிய சிறு திசைவிகளை ஒரு மாவட்டத்தின் அன்றாட மருத்துவப் பணியில் அமர்த்தியது. அங்கே கிடைத்த பாடம் ரேடியோவைப் பற்றியதைவிட மின்சாரத்தைப் பற்றியதாக இருந்தது. மின்சாரம் வந்தும் போயும், வந்தாலும் அழுத்தம் குறைந்தும் இருக்கும் காவிரிப் படுகைச் சிற்றூர்களுக்கு அது இன்றும் பொருந்துகிறது.

நீலப் பெட்டி திறந்த கதை

2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்னும் வைஃபை திசைவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீலமும் கறுப்புமான உடல், பின்புறம் இரண்டு அலைவாங்கிகள் என்ற அந்தத் தோற்றம் பின்னர் உலகெங்கும் அறிமுகமாயிற்று. உள்ளே 125 மெகாஹெர்ட்ஸ் செயலியும், 4 மெகாபைட் பிளாஷ் நினைவகமும், 16 மெகாபைட் ரேம் நினைவகமும் இருந்தன. இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம்கூட அந்த 4 மெகாபைட்டில் அடங்காமல் போகலாம். 2003இல் சிஸ்கோ நிறுவனம் லிங்க்சிசை வாங்கியது.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஆண்ட்ரூ மிக்லஸ் என்பவர், இந்தத் திசைவியின் நிலைபொருளுக்குள் லினக்ஸ் கருநிரல் இருப்பதை லினக்ஸ் உருவாக்குநர்களுக்குச் சுட்டிக்காட்டினார். லினக்ஸ், ஜிபிஎல் என்னும் பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்படுவது. அதை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பொருளை வாங்கியவருக்கு மூலநிரலைத் தர வேண்டும் என்பது நிபந்தனை. லிங்க்சிஸ் அதைத் தரவில்லை. அழுத்தம் வந்தபின் 2003இலேயே மூலநிரல் வெளியாயிற்று.

பூட்டிய பெட்டிக்குள் இருப்பது இன்னது என்று தெரிந்துவிட்டால் அதை மாற்றி எழுதவும் ஆட்கள் வருவார்கள். 2004 ஜனவரியில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திட்டம் தொடங்கியது. முதலில் லிங்க்சிஸ் வெளியிட்ட நிரலையே அடித்தளமாகக் கொண்டு வளர்ந்து, பிறகு தன் காலில் நின்றது. ஒரே கட்டியாக இருந்த நிலைபொருளைத் தேவைக்கேற்பத் துண்டுகளைச் சேர்க்கவும் நீக்கவும் கூடிய ஒரு சிறு லினக்ஸ் வழங்கலாக ஆக்கியதுதான் அதன் பெரிய காரியம். அதன் வைட் ரஷ்யன் வரிசையின் 0.9 பதிப்பு 2007 ஜனவரியில் வந்தது. ஆரம்ப காலத்தில் புதிய நிலைபொருளை உள்ளே செலுத்தப் பயன்பட்ட வழி வேடிக்கையானது: திசைவியின் அமைப்புப் பக்கத்தில் இணைப்பைச் சோதிக்கும் பெட்டி ஒன்று இருந்தது, முகவரி எழுத வேண்டிய அந்த இடத்தில் கட்டளையை எழுதினால் திசைவி அதையும் நிறைவேற்றிவிடும். நிறுவனத்தின் கவனக்குறைவு ஆர்வலர்களுக்கு வாசலாயிற்று.

2005இல் வந்த ஐந்தாம் பதிப்பில் லினக்சை எடுத்துவிட்டு விஎக்ஸ்ஒர்க்ஸ் என்னும் மூடிய இயங்குதளத்தை நிறுவனம் வைத்தது. பிளாஷ் 2 மெகாபைட்டாகவும் ரேம் 8 மெகாபைட்டாகவும் சுருங்கின. பெட்டியின் பெயர் மட்டும் மாறவில்லை. லினக்ஸ் வேண்டுவோருக்காக டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற தனி வடிவம் விற்கப்பட்டது. ஒரே பெயரில் வெவ்வேறு உள்ளுறுப்புகள் என்ற இந்தப் பழக்கம் இன்றும் வாங்குவோரைத் தடுக்கி விழச்செய்கிறது. லிங்க்சிஸ் பொருள்களில் உரிம மீறல் இருப்பதாகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 டிசம்பரில் சிஸ்கோ மீது வழக்குத் தொடுத்தது; 2009 மே மாதம் அது சமரசத்தில் முடிந்தது.

தமிழ்நாட்டு முன்னோடிகள்

தமிழ்நாட்டில் ஊர்ப்புற இணையம் வைஃபையுடன் தொடங்கவில்லை. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறை, நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணையத்தையும் தந்தது. 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் சாரி என்ற திட்டத்தின் கீழ் ஊர்தோறும் இணைய நிலையங்கள் இதைக்கொண்டு அமைந்தன. அங்கிருந்து நோயாளிகளின் கண்களைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பும் முயற்சியும் நடந்தது. படம் அனுப்ப அந்த வேகம் போதும். மருத்துவரும் நோயாளியும் முகம் பார்த்துப் பேசப் போதாது.

புதுச்சேரி வில்லியனூரை மையமாகக் கொண்டு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய ஊர் அறிவு மையங்கள் வேறொரு வழியில் சென்றன. அவை விஎச்எஃப் ரேடியோக் கருவிகளால் இணைக்கப்பட்டன. மின்தடைக்கு ஈடாகச் சூரிய மின்பலகைகள் வைக்கப்பட்டன. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயரம் பற்றிய தகவல் அந்த வழியில் வந்து ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. கணினி இருந்தால் மட்டும் போதாது, அதற்கு மின்சாரம் கொடுக்கும் ஏற்பாடும் திட்டத்திற்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதை இம்மையங்கள் முதலிலேயே உணர்ந்திருந்தன.

காவிரிப் படுகைக்கு இந்த முயற்சி 2004இல் வந்தது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய ஊர் வள மையங்களில் தஞ்சாவூர் மாவட்டத்துத் திருவையாறும் ஒன்று. செயற்கைக்கோள் வழியே வல்லுநர்களும் உழவர்களும் காணொளியில் பேச அது இடமளித்தது. ஆனால் செயற்கைக்கோள் நிலையம் ஒரு வீட்டாரோ ஒரு தெருவாரோ தாமே வாங்கி, கெட்டுப்போனால் தாமே பழுதுபார்க்கும் பொருளன்று.

அப்படிப்பட்ட பொருள் ஒன்று வர, சட்டமும் இடம்கொடுக்க வேண்டியிருந்தது. 2005 ஜனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த ஆற்றல் கருவிகளை வெளியிடங்களில் பயன்படுத்தவும் உரிமம் தேவையில்லை என்று விதி வகுத்தது. கூரைமேல் வைஃபை அலைவாங்கி வைக்க யாரிடமும் உரிமம் வாங்க வேண்டாம் என்றாயிற்று. அவ்வாண்டே இமாசலப் பிரதேசத்தின் தர்மசாலாவில், திபெத்திய அகதிகள் வாழும் மலைப்பகுதியில், ஏர்ஜல்தி என்னும் சமூக வலையமைப்பு உருவாகத் தொடங்கியது. அங்கு மலை உச்சிகளில் நின்ற திசைவிகளில் பல, மாற்றியமைக்கப்பட்ட அதே நீலப் பெட்டிகள். அவற்றுள் ஓடியது ஓப்பன்டபிள்யூஆர்டி.

தேனியின் கண் மையங்கள்

அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கியவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி. தேனியில் அதன் கிளை 1985இல் வந்தது. கண் மருத்துவர் எல்லா ஊர்களுக்கும் போக முடியாது. கண்ணில் சிறு உறுத்தலுக்காக ஒரு நாள் கூலியை இழந்து நகரத்துக்கு வர ஊர்க்காரருக்கும் முடியாது. இதற்கு விடையாகப் பார்வை மையங்கள் 2004 முதல் சிற்றூர்களில் திறக்கப்பட்டன. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதித்து விவரங்களைப் பதிவுசெய்வார். தேனி மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் காணொளியில் நோயாளியுடன் பேசுவார். கண்ணாடி மட்டும் போதுமா, அறுவைக்கு வர வேண்டுமா என்பது அங்கேயே முடிவாகும். பேச்சு நடுவில் அறுந்தால் நோயாளி வந்த காரியம் கெட்டது.

இந்த மையங்களை இணைக்கும் பொறுப்பில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டயர் என்னும் ஆய்வுக்குழு பங்கேற்றது. அதன் தலைவர் பேராசிரியர் எரிக் புரூவர். சோனேஷ் சுரானா, ரபின் பாத்ரா, செர்ஜியு நெடெவ்ஸ்கி, லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன் ஆகியோர் அப்பணியின் ஆய்வாளர்களுள் சிலர். அவர்கள் தேர்ந்த கருவி எளிமையானது: 266 மெகாஹெர்ட்ஸ் செயலியுள்ள ஒற்றைப் பலகைக் கணினி, வன்தட்டுக்குப் பதிலாக ஒரு நினைவக அட்டை, ஏதெரோஸ் ரேடியோ அட்டைகள், திசை நோக்கிய அலைவாங்கி, உள்ளே லினக்ஸ். சில வாட் மின்சாரமே அதற்குப் போதும். 2008இல் குழு விவரித்த நிலையில், ஐந்து மையங்கள் 11 திசைவிகளாலும் 9 இணைப்புகளாலும் தேனியுடன் பிணைக்கப்பட்டிருந்தன. மிகக் குறுகிய இணைப்பு 1 கிலோமீட்டர். ஆண்டிபட்டிக்குச் செல்லும் நீண்ட இணைப்பு 15 கிலோமீட்டர். ஆறு திசைவிகள் 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்களில் இருந்தன. ஒரு திசைவி நூற்பாலை வளாகத்தின் புகைபோக்கியில் ஏறியிருந்தது. கிடைத்த உயரத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் இந்தச் சிக்கனம் நம் ஊர்களுக்கே உரியது.

வைஃபை ஒரு வீட்டுக்குள் ஓடுவதற்காக வகுக்கப்பட்ட நெறி. ஒரு பொதி அனுப்பினால் மறுமுனை உடனே பெற்றுக்கொண்டேன் என்று விடை அனுப்ப வேண்டும். விடை வரக் கொஞ்சம் தாமதித்தால் அனுப்பியது தொலைந்ததாகக் கருதி மீண்டும் அனுப்பும். 15 கிலோமீட்டரைக் கடந்து திரும்ப ஒளிக்கே 100 மைக்ரோநொடி ஆகிறது. வீட்டுத் திசைவி அவ்வளவு நேரம் காத்திருக்காது. ஒரே கோபுரத்தில் உள்ள இரண்டு ரேடியோக்களில் ஒன்று பேசும்போது மற்றொன்றுக்குக் காது அடைத்துப்போவது இன்னொரு சிக்கல். கான்பூர் ஐஐடியின் பாஸ்கரன் ராமன் முதலானோர் இதற்கு முன்பே, எல்லா ரேடியோக்களும் முறைவைத்து ஒருசேரப் பேசி ஒருசேரக் கேட்கும் வழியை ஆராய்ந்திருந்தனர். தேனிக் குழு முறைவைத்துப் பேசுதல், விடைகளைத் தொகுத்து அனுப்புதல், இழப்பை ஈடுசெய்யக் கூடுதல் குறிகளைச் சேர்த்தல் ஆகியவற்றை மென்பொருளிலேயே செய்து, வைல்ட்நெட் என்று பெயரிட்டு 2007இல் வெளியிட்டது. அலைவாங்கி வேறு, செயலி வேறு என்று வாங்காமல் கடையில் கிடைக்கும் அட்டையையே வைத்துக்கொண்டு நெறியை மட்டும் மாற்ற முடிந்தது, உள்ளே போய் எழுத இடமிருந்ததால்தான். முழு இடமும் இருந்ததாகச் சொல்ல முடியாது. அவர்கள் பயன்படுத்திய மேட்வைஃபை என்னும் இயக்கியில், வன்பொருளைத் தொடும் ஒரு பகுதி அப்போது மூடியே இருந்தது.

1000 வோல்ட்

ரேடியோச் சிக்கல் தீர்ந்தபின் வேலை முடிந்துவிடும் என்று எவரும் எண்ணியிருக்கலாம். 2008இல் அதே குழு வெளியிட்ட அடுத்த கட்டுரை வலையமைப்பை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதைப் பற்றியது. அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது மின்சாரம்.

ஊர்ப்புற மின்கம்பியில் 230 வோல்ட் என்பது ஒரு விருப்பமே. அங்கே 70 வோல்ட்டுக்குக் கீழ் நெடுநேரம் தாழ்வதும், 350 வோல்ட்டுக்கு மேல் உயர்வதும், கணநேரத்தில் 1000 வோல்ட் வரை எகிறுவதும் பதிவாயின. எகிறும்போது அடாப்டர்களும், கம்பி செருகும் ஈதர்நெட் முனைகளும், சில வேளைகளில் பலகைகளும் கருகின. கருகியது கண்ணுக்குத் தெரியும், மாற்றிவிடலாம். தாழ்வழுத்தம் செய்த கேடு அதைவிட நுட்பமானது. அழுத்தம் மெல்லத் தாழும்போது திசைவி முழுதாக அணைவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. விளக்கு எரிய உள்ளே உறைந்து நிற்கும். மின்சாரம் சீரான பிறகும் அந்த உறக்கம் கலையாது. யாராவது போய் இணைப்பைப் பிடுங்கிச் செருக வேண்டும். திசைவியோ கோபுரத்தின் உச்சியில் இருக்கும்.

இதற்குக் கண்ட மருந்துகள் எளியவை. முதலாவது, அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் மின்கலத்திலிருந்து திசைவியை முற்றாகத் துண்டித்து, அழுத்தம் போதுமானதாக ஏறியபின் மீண்டும் இணைக்கும் சிறு மின்சுற்று. அரைகுறையாக ஓடுவதைவிட ஒழுங்காக அணைந்திருப்பது நல்லது என்பதே அதன் தத்துவம். இரண்டாவது, காவல் கடிகாரம். மென்பொருள் குறித்த இடைவெளியில் நலமாக இருக்கிறேன் என்று அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லத் தவறினால் கடிகாரம் திசைவியை மறுதொடக்கம் செய்துவிடும். மூன்றாவது நினைவக அட்டையைப் பற்றியது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அட்டையில் உள்ள தகவல் சிதைந்து, திசைவி எழுந்திருக்கவே மாட்டாது. ஆகவே இயங்குதளம் இருக்கும் பகுதியைப் படிக்க மட்டும் என்று பூட்டிவைத்தார்கள்.

இவற்றோடு, சூரிய மின்பலகையிலிருந்து மின்கலத்தை முறையாக ஏற்றித் தாழ்வழுத்தத்தில் துண்டிக்கும் மலிவான கட்டுப்படுத்தி ஒன்றையும் குழு உருவாக்கியது. மருத்துவமனையின் உள்ளூர்ப் பணியாளர்கள் படிப்படியாகப் பராமரிப்பைத் தாமே எடுத்துக்கொண்டனர். பெர்க்லியிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போகத்தான் வேண்டும். மறுநாள் காலை வரிசையில் நிற்கும் நோயாளிக்காகத் திசைவியை எழுப்ப வேண்டியவர் தேனிக்காரரே.

தென்னை உயரத்துக்கு மேல்

தேனியின் முறையை அப்படியே தஞ்சைக்குக் கொண்டுவர முடியுமா என்பதற்கு நிலம் ஒரு விடை சொல்கிறது. மலையடிவாரத்தில் குன்று உதவும். காவிரிப் படுகையில் குன்று கிடையாது. வயல்வெளி திறந்திருப்பதால் பார்வைக்குத் தடையில்லை என்று தோன்றும். ஆனால் ஊர் இருக்கும் இடமெல்லாம் தென்னந்தோப்பு இருக்கிறது.

15 கிலோமீட்டர் இணைப்பை எடுத்துக்கொள்வோம். பூமியின் வளைவு நடுவழியில் ஏறத்தாழ மூன்றேகால் மீட்டர் மேடாக எழும். ரேடியோ அலை கயிறுபோல் ஒற்றைக் கோட்டில் செல்வதில்லை; நடுவில் பருத்த கதிர்போல விரிந்து செல்லும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்த விரிவின் ஆரம் நடுவழியில் 21 மீட்டருக்கு மேல். அதில் ஐந்தில் மூன்று பங்காவது, அதாவது 13 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும். நடுவில் 20 மீட்டர் உயரத் தென்னை நின்றால் மொத்தம் 36 மீட்டருக்கு மேல் அலைவாங்கியை ஏற்ற வேண்டும். தேனிக் கோபுரங்களின் 24 முதல் 42 மீட்டர் என்ற அளவு காரணமில்லாமல் வந்ததன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 60 மீட்டரைத் தாண்டுகிறது. சுற்றுவட்டாரத்தில் அதைவிட உயர்ந்த இடம் தேடினாலும் எளிதில் கிடைக்காது. ஆனால் அதன்மேல் அலைவாங்கி வைக்க எவரும் கனவிலும் எண்ணமாட்டார்.

ஆகவே கோபுரச் செலவு திசைவிச் செலவைப் பலமடங்கு மிஞ்சும். பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் இதை அப்போதே எடுத்துக்காட்டினர். படுகைச் சிற்றூர்களுக்கு இணையம் பின்னாளில் வான்வழியாக வந்தது கைபேசிக் கோபுரங்களால். இப்போது கண்ணாடி இழையாலும் வருகிறது. ஊராட்சிகள்வரை இழை கொண்டுசெல்லும் தேசியத் திட்டத்துக்கு 2011இல் ஒப்புதல் கிடைத்தது; பாரத்நெட் என்பது அதற்குப் பின்னர் வந்த பெயர். நெடுந்தொலைவு வைஃபைக்கு இங்கே இனி வேலை குறைவு. மின்சாரம் பற்றிய பாடமோ அப்படியே நிற்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் அதைக் கடுமையாக நினைவூட்டியது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு விழுந்தன. கைபேசிக் கோபுரங்கள் மின்கலமும் டீசலும் தீர்ந்தபின் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. செய்தி மிகவும் தேவைப்பட்ட நாள்களில் செய்திக் கருவிகள் பேசவில்லை.

வீட்டில் அமைக்கும் முறை

புயலைத் தாங்கும் திசைவி ஒன்றை வீட்டில் அமைத்துவிட முடியும் என்று சொல்வது மிகை. வெளியே இழை அறுந்தால் உள்ளே எது எரிந்தும் பயனில்லை. ஆனால் நாள்தோறும் வரும் ஓரிரு மணி நேர மின்தடையையும், பம்புசெட்டுகள் ஒருசேர ஓடும் பருவத்தின் தாழ்வழுத்தத்தையும் தாண்டி நிற்கும் திசைவியை அமைப்பது கைக்கு எட்டிய வேலை.

முதலில் கணக்கு. வீட்டுத் திசைவியின் அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் 12 வாட் என்பது மேல் எல்லை. எளிய திசைவிகள் சாதாரணமாக இழுப்பது அதில் பாதியளவே இருக்கும். 5 வாட் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 120 வாட்-மணி. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொண்ட சிறிய ஈய மின்கலத்தில் 84 வாட்-மணி உண்டு; ஈய மின்கலத்தைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 42 வாட்-மணியே கணக்கு. அது திசைவியை எட்டு மணி நேரம் தாங்கும். இழை வரும் பெட்டிக்கும் தனி மின்சாரம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதையும் சேர்த்தால் நேரம் ஏறத்தாழ பாதியாகும்.

வீட்டு இன்வெர்ட்டரில் செருகினால் போதாதா என்ற கேள்வி எழும். செருகலாம். மின்கலத்தின் 12 வோல்ட்டை 230 ஆக்கி, அடாப்டர் அதை மறுபடி 12 ஆக்குகிறது. இந்தச் சுற்றுப்பயணத்தில் பல இன்வெர்ட்டர்கள் தமக்கென்று இழுக்கும் மின்சாரமே திசைவி இழுப்பதைவிட அதிகம். ஆற்றைக் கடக்காமலே ஊர் சேர வழியிருக்கும்போது இரண்டு முறை கடப்பானேன்? மின்கலத்திலிருந்து நேர்மின்னோட்டமாகவே திசைவிக்குக் கொடுப்பது சிக்கனம். ஆனால் நேராகக் கம்பி கொடுத்துவிடக் கூடாது. ஏற்றும்போது மின்கலத்தின் அழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டும், தீரும்போது 11க்கு இறங்கும். இடையில் அழுத்தத்தை 12இல் நிறுத்தும் மாற்றியும், தாழ்வழுத்தத்தில் துண்டிக்கும் சுற்றும் வேண்டும். தேனியின் முதல் மருந்தே இது. கடைகளில் மினி யுபிஎஸ் என்று விற்கப்படும் சிறு பெட்டிகள் இவற்றை லித்தியம் மின்கலத்துடன் ஒன்றாக அடைத்துத் தருகின்றன.

சூரிய ஒளியில் ஓட்ட விரும்பினால் கணக்கு மழைக்காலத்துக்குப் போட வேண்டும். நாளுக்கு நான்கு மணி நேர நல்ல வெயில் என்றால் 40 வாட் பலகை 160 வாட்-மணி தரும். இழப்பு போக 120 தேறும். ஐப்பசி கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை பிடித்துக்கொண்டால் 360 வாட்-மணி கையிருப்பு வேண்டும். 60 ஆம்பியர்-மணி ஈய மின்கலத்தின் பாதி அது. சித்திரை வைகாசி இடி மின்னலுக்கு எதிராக நல்ல நிலத்தொடர்பும், கூரையிலிருந்து இறங்கும் கம்பிக்கு மின்னெழுச்சித் தடுப்பானும் வைக்காமல் விட்டால் மற்ற எல்லாச் சிக்கனமும் ஒரு நொடியில் போய்விடும்.

அடுத்தது நிலைபொருள். ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் 2016இல் லீட் என்ற பெயரில் கிளைபிரிந்து, 2018இல் மீண்டும் ஒன்றுசேர்ந்தது. 4 மெகாபைட் பிளாஷும் 32 மெகாபைட் ரேமும் உள்ள பழைய திசைவிகளுக்கு 19.07 வரிசையோடு ஆதரவு நின்றுவிட்டது. புதிதாக வாங்குவோர் 16 மெகாபைட் பிளாஷ், 128 மெகாபைட் ரேம் ஆகியவற்றுக்குக் குறையாமல் பார்த்து வாங்குவது நல்லது. பெட்டியின் அடியில் உள்ள வன்பொருள் பதிப்பு எண்ணைப் படித்து, திட்டத்தின் கருவிப் பட்டியலில் அதே எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். நீலப் பெட்டியின் ஐந்தாம் பதிப்புக்கு நான்காம் பதிப்பின் நிலைபொருள் பொருந்தாது. நிலைபொருளைப் பதிக்கும் ஐந்து நிமிடமும் மின்சாரம் போகக் கூடாது என்பதால் மின்கலத்தை அதற்கு முன்பே இணைத்துவிடுவது அறிவுடைமை. இணைய நிறுவனம் தந்த பெட்டியைத் தொட வேண்டாம். அதற்குப் பின்னால் சொந்தத் திசைவியை வைத்துக்கொள்ளலாம்.

தேனியில் கையால் செய்தவை இந்த நிலைபொருளில் பெரும்பாலும் இயல்பாகவே அமைந்திருப்பதைக் காணலாம். மூல அமைப்பு, படிக்க மட்டுமான சுருக்கிய கோப்பு முறைமையில் பூட்டப்பட்டிருக்கிறது. நாம் செய்யும் மாற்றங்கள் அதன்மேல் ஒரு தனி அடுக்கில் சேர்கின்றன. நாட்குறிப்புகள் ரேமில் எழுதப்படுவதால் மின்தடையில் பிளாஷ் சிதைவது குறைவு. செயலியில் காவல் கடிகாரம் இருந்தால் நிலைபொருள் அதை விடாமல் தட்டிக்கொண்டிருக்கும். அமைப்பைத் தவறாக மாற்றி உள்ளே நுழைய முடியாமல் போனால், தொடங்கும்போது பொத்தானை அழுத்திப் பாதுகாப்பு நிலைக்குச் சென்று 192.168.1.1 என்ற முகவரியில் திருத்தலாம். இரவு பத்து மணிக்கு மேல் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை அணைத்து விடியற்காலை இயக்கும்படி நேரம் குறித்து வைப்பதும் ஒரு வரிக் கட்டளைதான். நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்வது சட்டத்துக்கு உட்பட்ட ஆற்றலில் நிற்பதற்காக. அயல்நாட்டைத் தேர்ந்தால் வேகம் கூடும் என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும், கேட்க வேண்டியதில்லை.

ஆற்றல் எல்லையைக் காரணம் காட்டித் திசைவிகளையே பூட்டிவிடும் போக்கும் ஒரு காலத்தில் எழுந்தது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் ரேடியோ ஆற்றலை மாற்ற முடியாதபடி செய்ய வேண்டும் என்றபோது, முழு நிலைபொருளையும் மாற்ற முடியாதபடி செய்வதே நிறுவனங்களுக்கு எளிதாகத் தோன்றியது. 2016 ஆகஸ்டில் டிபி-லிங்க் நிறுவனத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டில், திறமூல உருவாக்குநர்களுக்கு இடமளிக்க அந்நிறுவனம் முயல வேண்டும் என்பதையும் ஆணையம் சேர்த்தது.

நீலப் பெட்டி வந்து 22 ஆண்டுகள் கழிந்தபின், 2024 நவம்பரில் ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்ற திசைவி விற்பனைக்கு வந்தது. மென்பொருள் சுதந்திரக் காப்பகமும் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டமும் சேர்ந்து வடிவமைக்க, பனானா பை நிறுவனம் தயாரித்தது அது. அதில் இரண்டு நினைவகங்கள் உள்ளன. 256 மெகாபைட் உள்ளதில் நிலைபொருள் ஓடும். 16 மெகாபைட் உள்ளது மீட்புக்கென்று ஒதுக்கப்பட்டது. பதிக்கும்போது மின்சாரம் போய்த் திசைவி எழாவிட்டால், பலகையில் உள்ள ஒரு சிறு ஆளியைத் தள்ளி இரண்டாம் நினைவகத்திலிருந்து அதை எழுப்பிக்கொள்ளலாம்.